"கவனமா இரு" என்றால் போதுமா?

(பழைய மாணவர் சங்கச் சந்திப்பில், 2006–2010 இயந்திரவியல் துறை மாணவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு முன்னால் பேசியவர்கள் தொழில் தொடங்கிய கதை, வெளிநாட்டு அனுபவம், செயற்கை நுண்ணறிவு என்று அழகாகப் பேசிவிட்டார்கள். செயலாளர் என்னிடம், "ஏதாவது உபயோகமாப் பேசுப்பா" என்று சொல்லியிருந்தார். ஒரு வியாதியைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் அவர் முகம் கொஞ்சம் மாறியது. "எல்லாரும் சந்தோஷமா கூடற இடத்துல எதுக்குப்பா?" என்றார். சந்தோஷமாகக் கூடுகிற இடத்தில்தான் சார் இதைப் பேச முடியும். ஆஸ்பத்திரி வராந்தாவில் யாரும் யாரிடமும் வாய் திறப்பதில்லை.

விஷயம் இதுதான். எனக்கு ஏ.டி.எச்.டி. இருக்கிறது. 2023ம் வருடம், என் 34வது வயதில், ஒரு மனநல மருத்துவர் அதை உறுதி செய்தார். அன்றிலிருந்து சிகிச்சையில் இருக்கிறேன். தமிழில் இதை 'கவனக் குறைவு மற்றும் மிகைச் செயல்பாட்டுக் கோளாறு' என்று எழுதுகிறார்கள். பெயரைப் படித்து முடிப்பதற்குள்ளேயே இந்தக் கோளாறு உள்ளவன் எழுந்து வெளியே போய்விடுவான்! அதனால் ஏ.டி.எச்.டி. என்றே சொல்கிறேன்.

பெயரில் 'கவனக் குறைவு' என்று இருப்பதால் பலர் ஏமாந்துபோகிறார்கள். நம் மெக்கானிக்கல் பாஷையில் சொல்கிறேன். டேங்கில் தண்ணீர் நிறையவே இருக்கிறது. வால்வுதான் நாம் சொன்னபடி திறப்பதில்லை, மூடுவதில்லை. பிடித்த வேலை, புதிய வேலை, தலைக்கு மேல் வந்துவிட்ட வேலை என்றால் வால்வு முழுசாகத் திறந்து நாலு மணி நேரம் சோறு தண்ணி இல்லாமல் ஓடும். முக்கியமான வேலை, ஆனால் சலிப்பான வேலை என்றால் சொட்டுகூட வராது. "செய்யணும்" என்ற எண்ணம் இருக்கும், செய்யாததால் வரும் பயம் இருக்கும், கை மட்டும் நகராது. மூளையின் முன்பகுதியில் திட்டமிடுவது, தொடங்குவது, அடக்கிக்கொள்வது, நேரத்தைக் கணிப்பது ஆகிய வேலைகளைச் செய்யும் பகுதிகளும், டோபமைன், நார்-அட்ரினலின் என்ற ரசாயனங்களும் இதில் சம்பந்தப்பட்டவை.

"இதெல்லாம் செல்போன் வந்தப்புறம் வந்த வியாதிப்பா" என்று ஒரு பேச்சு உண்டு. 1902லேயே லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர், புத்தி நன்றாக இருந்தும் ஒரு விஷயத்தில் நிலைத்து நிற்க முடியாத குழந்தைகளைப் பற்றி ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸில் தொடர் சொற்பொழிவு நிகழ்த்தியிருக்கிறார். 1937ல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் சார்லஸ் பிராட்லி என்ற டாக்டர், தலைவலிக்காகக் குழந்தைகளுக்கு ஓர் ஊக்க மருந்தைக் கொடுத்தார். தலைவலி பெரிதாகக் குறையவில்லை. ஆனால் பல குழந்தைகள் திடீரென்று நன்றாகக் கணக்குப் போட ஆரம்பித்தார்கள்! 1980ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் 'கவனக் குறைவு' என்ற பெயர் ஏறியது. 1987ல் இன்றைய பெயர் வந்தது. பெரியவர்களை மனதில் வைத்து விதிகளைத் திருத்தியது 2013ல்தான். நாமெல்லாம் பள்ளிக்கூடம் போன காலத்தில் நம் ஊரில் இந்தப் பெயர் யாருக்குத் தெரியும்? வாத்தியாருக்குத் தெரிந்தது ஒரே பெயர்தான்: சோம்பேறி.

அந்தப் பெயரோடு நான் எப்படி வாழ்ந்தேன் என்பது இங்கே இருக்கும் என் ஹாஸ்டல் நண்பர்களுக்குத் தெரியும். எங்கள் பிளாக்கில் சைக்கிள், அயர்ன் பாக்ஸ், யாரோ மறைத்து வைத்திருந்த வாட்டர் ஹீட்டர் என்று எது ரிப்பேரானாலும் என் அறைக்குத்தான் வரும். பிரித்து மாட்டாமல் தூங்க மாட்டேன். ஆனால் ரெக்கார்டு நோட்டு? ஒரு செமஸ்டர் முழுக்க மேஜை மேல் இருக்கும். தினமும் பார்ப்பேன். தினமும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். கடைசி நாள் இரவு பத்து மணிக்கு மேல்தான் மூளை ஸ்டார்ட் ஆகும். மூன்றாம் செமஸ்டரில் நான் அரியர் வைத்த பாடத்தை, பரீட்சைக்கு முந்தின நாள் பக்கத்து அறையில் நாலு பேருக்கு நான்தான் சொல்லிக் கொடுத்தேன். நாலு பேரும் பாஸ். பரீட்சை ஹாலில் முதல் கேள்வியிலேயே ஒரு மணி நேரம் கரைந்து, கடைசி 16 மார்க் கேள்விக்கு நேரமே இல்லாமல் போனது எனக்குத்தான்.

வேலைக்குப் போன பிறகும் இதே கதைதான், சம்பளத்தோடு. ஒரகடம் பக்கம் வாகன உதிரி பாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் சேர்ந்தேன். இரவு இரண்டு மணிக்கு ஹைட்ராலிக் பிரஸ் நின்றுவிட்டது என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். சுற்றி நாற்பது பேர் நிற்க, நிமிடத்துக்கு நிமிடம் உற்பத்தி நஷ்டமாக, எனக்கு மட்டும் உலகம் தெளிவாகத் தெரியும். அதே நான், மாதா மாதம் அனுப்ப வேண்டிய பராமரிப்பு ரிப்போர்ட்டை ஒரு தடவைகூட முதல் நினைவூட்டலில் அனுப்பியது கிடையாது. எட்டு வருட மதிப்பீட்டுத் தாள்களிலும் ஒரே வாக்கியம்: "தொழில்நுட்பத்தில் சிறப்பு, தொடர்ச்சியில் போதாது." 2022ல் அது எச்சரிக்கைக் கடிதமாகக் கையில் வந்தது. வீட்டுக் கடன் பாதி, பையனுக்கு ஏழு வயது, அந்த நேரத்தில்.

வீட்டில் கணக்கு இன்னும் மோசம். கரண்ட் பில், ஸ்கூல் பீஸ், இன்ஷூரன்ஸ், மாமனார் வீட்டு விசேஷத் தேதி எல்லாம் என் மனைவியின் தலையில். அவளும் வேலைக்குப் போகிறவள். ஒரு நாள் ராத்திரி சொன்னாள்: "ஏங்க, எனக்கு ரெண்டு மூளை கொடுக்கலையே ஆண்டவன். உங்களோடதையும் சேத்து நானே எத்தனை நாளைக்குங்க ஓட்டுறது?" சண்டை போடும் குரலில் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பேன். களைத்துப்போன குரலில் சொன்னாள்.

அந்த வருடம்தான் பையனின் வகுப்பு ஆசிரியை அவனை ஒரு குழந்தை வளர்ச்சி மருத்துவரிடம் காட்டச் சொன்னார். அங்கே ஒரு படிவம் கொடுத்தார்கள். 'தொடங்கிய வேலையை முடிப்பதில்லை', 'பொருட்களைத் தொலைக்கிறான்', 'நேரே பேசும்போதும் கேட்காதது போல் இருக்கிறான்' என்று வரிசையாக இருக்கும். நானும் மனைவியும் உட்கார்ந்து டிக் அடித்துக்கொண்டே வந்தோம். நடுவில் அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "ஏங்க, இது பையனைப் பத்தி எழுதினதா, உங்களைப் பத்தி எழுதினதா?" என்றாள். அந்த டாக்டரும் கேட்டார்: "குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி உண்டா?"

சும்மா கேட்கவில்லை. இது குடும்பத்தில் ஓடக்கூடியது. இரட்டைக் குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வுகளின்படி, ஆளுக்கு ஆள் தெரியும் வித்தியாசத்தில் மரபின் பங்கு சுமார் 74 சதவீதம். உயரம் குடும்பத்தில் வருகிறதே, கிட்டத்தட்ட அதே அளவுக்கு. வளர்ப்பு சரியில்லாமல் வருகிறது என்று பெற்றோரைத் திட்டும் உறவினர்கள் இந்த எண்ணைக் குறித்துக்கொள்ளலாம்.

என் விஷயத்துக்கு முதலில் நான் போன டாக்டர் எட்டு நிமிடம் பேசினார். "பி.இ. முடிச்சிருக்கீங்க, பொறுப்பான வேலையில இருக்கீங்க, உங்களுக்கு எப்படி ஏ.டி.எச்.டி. இருக்கும்? டென்ஷன்தான்" என்று தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். அவர் பெயர் வேண்டாம். ஆனால் அவர் சொன்னதை இங்கே எல்லோரும் கேட்டுக்கொள்ள வேண்டும், ஏனென்றால் நம்மில் பலர் அதையேதான் நினைக்கிறோம். படிப்பு வேறு, இது வேறு. புத்திசாலியாக இருப்பவர்கள் பல வருடம் புத்தியாலேயே சமாளித்துவிடுகிறார்கள். பள்ளிக்கூடத்தில் மணியடிப்பார்கள், ஹாஸ்டலில் மெஸ் மணி உண்டு, அம்மா உண்டு. கல்யாணம், குழந்தை, பொறுப்பு என்று சுமை ஏறும்போதுதான் சேஸிஸ் வளைகிறது. பெண்களுக்கு இன்னும் தாமதமாகத்தான் தெரிய வருகிறது. வகுப்பில் குதிக்காமல், பேசாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெண்பிள்ளையை யார் டாக்டரிடம் கூட்டிப் போகிறார்கள்?

இரண்டாவதாகப் பார்த்த மனநல மருத்துவர் இரண்டு தடவை உட்கார வைத்து, மொத்தம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் பேசினார். உலக சுகாதார நிறுவனத்தின் 18 கேள்விப் படிவம் ஒன்று கொடுத்தார். அது வடிகட்டி மட்டும்தான், அதை வைத்து முடிவு சொல்ல முடியாது என்பதையும் சொன்னார். ஸ்கேனோ ரத்தப் பரிசோதனையோ செய்து இதை உறுதிப்படுத்த முடியாது. வாழ்க்கை வரலாற்றை வைத்துத்தான் முடிவு. விதிப்படி, பெரியவர்களுக்குக் கவனம் சம்பந்தப்பட்ட ஒன்பது அறிகுறிகளிலோ, துடிப்பு, அவசரம் சம்பந்தப்பட்ட ஒன்பதிலோ குறைந்தது ஐந்து இருக்க வேண்டும். அவற்றில் பல 12 வயதுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். வீடு, வேலை என்று இரண்டு இடத்திலாவது இருக்க வேண்டும். வாழ்க்கையை உண்மையிலேயே பாதிக்க வேண்டும். தைராய்டு, தூக்கக் கோளாறு, மனச்சோர்வு, பதற்றம் ஆகியவையும் இதே மாதிரி காட்டும் என்பதால் அவற்றையும் பார்த்தார்.

12 வயதுக்கு முந்தின சாட்சிக்கு அம்மாவை விருதுநகரிலிருந்து வரவழைத்தோம். டிரங்குப் பெட்டியிலிருந்து என் ரேங்க் கார்டுகளை மஞ்சள் பையில் போட்டு எடுத்து வந்திருந்தார். 'கெட்டிக்காரன், கவனம் இல்லை' என்று மூன்று வகுப்பு ஆசிரியர்கள் மூன்று பேனாவில் எழுதியிருந்தார்கள். டாக்டர் கேட்டபோது அம்மா சொன்னார்: "ஒரு வாய் சோறு திங்க மூணு தடவ எந்திரிப்பான் சார். இவங்க அப்பாவும் அப்படித்தான். ரேடியோ ரிப்பேர்ல அவர மிஞ்ச ஆளு கிடையாது. ஆனா சொன்ன தேதிக்கு ஒரு ரேடியோகூடத் திருப்பிக் கொடுத்ததில்ல. வீடு பூரா தொறந்துபோட்ட ரேடியோவாத்தான் கெடக்கும்." அப்பா 2019ல் காலமாகிவிட்டார். ஊரில் அவருக்கும் ஒரு பட்டப்பெயர் இருந்தது. அதை நான் இங்கே சொல்லவில்லை. வாத்தியார் எனக்கு வைத்த பெயருக்குப் பக்கத்து வீட்டுப் பெயர்தான் அது.

இனி மருந்து. எனக்குக் கொடுத்தது மெத்தில்ஃபெனிடேட். 1944ல் சுவிட்சர்லாந்தில் சீபா கம்பெனியில் லியாண்ட்ரோ பனிசோன் என்ற ரசாயன நிபுணர் தயாரித்தது. ரீட்டா என்று கூப்பிட்ட தன் மனைவியின் பெயரைத்தான் அதற்கு 'ரிட்டாலின்' என்று வைத்தார். நரம்பு முனையில் வெளியான டோபமைனையும் நார்-அட்ரினலினையும் உடனே உள்ளே இழுத்துக்கொள்ளாமல் கொஞ்சம் நேரம் இருக்க வைப்பது அதன் வேலை. சாதாரண மாத்திரை சுமார் நான்கு மணி நேரம் வேலை செய்யும். மெதுவாகக் கரையும் வகைகள் எட்டு மணி நேரமோ அதற்கு மேலோ. ஆரம்பிக்கும் முன் ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு பார்த்தார்கள். குடும்பத்தில் இதய நோய் உண்டா என்று கேட்டார்கள். குறைந்த அளவில் தொடங்கி வாரா வாரம் பார்த்து ஏற்றினார்கள். எனக்குப் பசி குறைந்தது, வாய் வறண்டது, மதியத்துக்கு மேல் சாப்பிட்டால் தூக்கம் வரவில்லை. இது ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அடோமாக்ஸெட்டின் போன்ற ஊக்க மருந்து அல்லாத வகையும் உண்டு. அது பலன் காட்டச் சில வாரம் ஆகும்.

மருந்தை வாங்குவது தனிக் கதை. நம் நாட்டு விதிப்படி இது ஷெட்யூல் எக்ஸ் மருந்து. சீட்டு இரண்டு பிரதி வேண்டும். ஒன்றைக் கடைக்காரர் இரண்டு வருடம் பத்திரப்படுத்த வேண்டும். 2020ல் வந்த தொலைமருத்துவ வழிகாட்டு நெறிமுறைப்படி வீடியோவில் பார்த்தும் எழுதித்தர முடியாது. தனி லைசென்ஸ் வேண்டும் என்பதால் பல கடைகளில் வைப்பதே இல்லை. முதல் மாதம் நான்கு கடை ஏறி இறங்கினேன். ஒரு கடைக்காரர் சீட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். தப்பு வழியில் பயன்படுத்துகிறவர்கள் இருப்பதால் இந்தக் கட்டுப்பாடு அவசியம்தான். ஆனால், மறதிக்கு மருந்து வாங்க இரண்டு பிரதிச் சீட்டை மறக்காமல் எடுத்துப் போக வேண்டும் என்பதில் உள்ள வேடிக்கையை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்!

மாத்திரை போட்ட அன்று என்ன ஆனது? சினிமாவில் வருவது மாதிரி ஒளிவட்டம் எதுவும் தெரியவில்லை. ஷாப் ஃப்ளோரில் கம்ப்ரஸரை நிறுத்தினால் ஒரு அமைதி வருமே, அது வந்தது. அவ்வளவு சத்தம் ஓடிக்கொண்டிருந்தது என்பதே நின்ற பிறகுதான் தெரிந்தது. மூன்றாம் நாள் ரிப்போர்ட்டைத் திறந்தேன், எழுதினேன், அனுப்பினேன். யாருடைய நினைவூட்டலும் இல்லாமல். மேலதிகாரி போன் பண்ணி, "உடம்பு சரியா இருக்காப்பா?" என்று கேட்டார்!

ஆனால் மருந்து, வால்வைத் திறக்கும். குழாயை எந்தப் பக்கம் திருப்புவது என்று அது சொல்லாது. ஒரு நாள் மாத்திரை போட்டுக்கொண்டு இரண்டு மணி நேரம் கருமமே கண்ணாக டூல் ரூம் ஸ்பானர்களை அளவு வாரியாக அடுக்கி வைத்தேன். ஸ்பானர்கள் அழகாகத்தான் இருந்தன. செய்ய வேண்டிய வேலை அப்படியே இருந்தது. இங்கேதான் பாதி சிகிச்சை ஆரம்பிக்கிறது. உளவியல் ஆலோசகர் ஒருவரிடம் மூன்று மாதம் போனேன். சிந்தனை நடத்தைச் சிகிச்சை என்பார்கள். அவர் சொல்லச் சொல்ல, எனக்கு நம் தொழிலில் ஏற்கெனவே தெரிந்த ஒரு விஷயம் நினைவுக்கு வந்தது.

தரக் கட்டுப்பாட்டில் வேலை செய்பவர்களுக்கு ஷிகியோ ஷிங்கோவைத் தெரியும். 1961ல் ஜப்பானில் யமதா எலக்ட்ரிக் என்ற தொழிற்சாலை. ஒரு சின்ன சுவிட்ச், அதன் பட்டன் அடியில் இரண்டு ஸ்பிரிங் வைக்க வேண்டும். சில நேரம் தொழிலாளி ஒன்றை மறந்துவிடுவார். சரக்கு வாடிக்கையாளரிடம் போய்த் திரும்பி வரும். ஒவ்வொரு தடவையும் "கவனமா இருங்க" என்று சொல்வார்கள். கொஞ்ச நாள் சரியாக இருக்கும், மறுபடி அதேதான். ஷிங்கோ போய் என்ன செய்தார்? ஒரு சின்னத் தட்டு வைத்தார். முதலில் பெட்டியிலிருந்து இரண்டு ஸ்பிரிங்கை எடுத்துத் தட்டில் போடு, பிறகு அசெம்பிளி செய் என்றார். முடித்த பிறகு தட்டில் ஒரு ஸ்பிரிங் மிச்சம் இருந்தால் மறந்திருக்கிறாய் என்று கண்ணுக்கே தெரிந்துவிடும். மறதியைத் திட்டவில்லை, மறந்தால் தெரிகிற மாதிரி வழி செய்தார். அவ்வளவுதான்.

இன்னொன்றும் உண்டு. இந்த முறைக்கு முதலில் 'பாகா யோகே' என்று பெயர். பாகா என்றால் முட்டாள். முட்டாளும் தப்பு பண்ண முடியாதபடி செய்வது என்று அர்த்தம். 1963ல் ஒரு தொழிற்சாலையில் ஒரு பெண் தொழிலாளி, "நான் என்ன முட்டாளா?" என்று அழுதுவிட்டாராம். ஷிங்கோ பெயரையே மாற்றினார். 'போகா யோகே', அதாவது கவனப் பிசகைத் தடுப்பது. பிசகு யாருக்கும் வரும். தட்டு வைத்தால் தீரும்.

நானும் வீடெங்கும் தட்டு வைத்தேன். கரண்ட் பில், கடன் தவணை, பள்ளிக் கட்டணம் எல்லாம் வங்கியில் தானாகப் பிடித்தம். சாவி, பர்ஸ், அடையாள அட்டைக்கு வாசல் பக்கத்தில் ஒரே ஆணி. எங்கள் ஹாலில் இப்போது பெரிய வெள்ளைப் பலகை இருக்கிறது. விருந்தாளிகள் டியூஷன் எடுக்கிறீர்களா என்று கேட்கிறார்கள். எனக்கு 'இப்போது', 'இப்போது இல்லை' என்று இரண்டே நேரம்தான் தெரியும் என்பதால், மேஜை மேல் ஓடுகிற கடிகாரம் ஒன்று, மூளைக்கு வெளியே. 'ரிப்போர்ட் எழுது' என்று பலகையில் எழுதுவதில்லை. 'ஃபைலைத் திற' என்று எழுதுகிறேன். முதல் அடி சின்னதாக இருந்தால்தான் வண்டி நகர்கிறது. சலிப்பான வேலை என்றால் பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்துக்கொண்டு செய்கிறேன். அவர் உதவி செய்ய வேண்டாம், அவர் வேலையை அவர் பார்த்தால் போதும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அரை மணி நேரம் நானும் மனைவியும் அந்த வாரத்துக்கான வேலைகளைப் பிரித்துக்கொள்கிறோம். எச்சரிக்கைக் கடிதம் வந்த ஃபைலில் 2024 மதிப்பீடும் இருக்கிறது. 'தொடர்ச்சியில் போதாது' என்ற வரி அதில் இல்லை. இன்றும் எனக்குச் சறுக்குகிற நாட்கள் உண்டு. ஆனால் மனைவி இப்போது தன் மூளையைத் தனக்காக வைத்திருக்கிறாள். நான் பார்க்கும் பெரிய பலன் அதுதான்.

நண்பர்கள் தனியாகக் கேட்கும் கேள்விகளுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன்.

"மாத்திரை பழகிப்போய்விடாதா?" டாக்டர் சொன்ன அளவில், சொன்னபடி எடுத்தால் அந்தப் பயம் குறைவு. தூளாக்கி, அதிகமாக, பரீட்சைக்குப் படிக்க என்று கடன் வாங்கிப் போடுகிறவர்களுக்குத்தான் ஆபத்து. ஹாஸ்டல் பிள்ளைகள் இதைக் காதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

"போடாமலே இருந்தால் என்ன?" அது அவரவர் டாக்டரோடு பேசி எடுக்க வேண்டிய முடிவு. ஒரு தகவல் மட்டும் சொல்கிறேன். சுவீடன் நாட்டுப் பதிவேடுகளை வைத்து 2014ல் வெளியான ஆய்வில், ஏ.டி.எச்.டி. உள்ள ஆண்கள் மருந்து எடுத்துவந்த காலங்களில் கடுமையான வாகன விபத்துகள் அவர்களுக்குக் குறைவாகவே நேர்ந்திருந்தன. தினமும் பைக்கில் போகிறவர்கள் யோசித்துப் பார்க்க வேண்டிய விஷயம்.

"எனக்கும்தான் மறதி, எனக்கும் இருக்குமோ?" எல்லோருக்கும்தான் காய்ச்சல் வருகிறது, எல்லாம் டைஃபாய்டு ஆகாது. சின்ன வயதிலிருந்து, எல்லா இடத்திலும், வாழ்க்கையைக் கெடுக்கும் அளவுக்கு என்றால் மட்டும் போய்ப் பாருங்கள்.

"வெளியே தெரிந்தால்?" 2016ல் ரியோ ஒலிம்பிக்கில் நான்கு தங்கம் வாங்கிய சிமோன் பைல்ஸின் மருத்துவக் குறிப்புகளைத் திருடி வெளியிட்டார்கள். எனக்குச் சிறுவயது முதல் ஏ.டி.எச்.டி. உண்டு, மருந்து எடுக்கிறேன், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று அவரே அறிவித்தார். நடிகர் ஃபகத் ஃபாசில், 41 வயதில் தனக்கு இது தெரிய வந்தது என்று 2024ல் கேரளத்தில் ஒரு விழா மேடையில் சொன்னார். நான் அவ்வளவு பெரிய ஆள் இல்லை. ஆனால் இந்த மேடை எனக்குப் போதும்.

கடைசியாக, சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். உலக ஏ.டி.எச்.டி. கூட்டமைப்பு 2021ல் வெளியிட்ட அறிக்கையின்படி, வயது வந்தவர்களில் சுமார் 2.5 சதவீதம் பேருக்கு இது இருக்கிறது. நம் கல்லூரியில் ஒரு வருடத்துக்கு 240 பேர் என்று வைத்தால் ஆறு பேர். நான்கு வருடத்துக்கு 24 பேர். அவர்கள் இப்போதும் இந்த வகுப்பறைகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். அரியர் பட்டியலில் அவர்கள் பெயர் இருக்கலாம். வீட்டில் நிலத்தை அடகு வைத்துப் படிக்க வைத்திருப்பார்கள். 'சோம்பேறி' என்ற பெயர் ஒட்டியிருக்கும்.

எனவே செமஸ்டருக்கு ஒரு முறை ஒரு மனநல மருத்துவரையும் உளவியலாளரையும் கல்லூரிக்கு அழைத்து, மாணவர்களும் ஆசிரியர்களும் பேசக் கேட்க வழி செய்யுங்கள். ஹாஸ்டலில் இரவு எட்டு முதல் பத்து வரை சேர்ந்து உட்கார்ந்து படிக்க ஒரு பொது அறை ஒதுக்குங்கள். ஏ.டி.எச்.டி. இல்லாத பிள்ளைகளுக்கும் அது நல்லதுதான். முதல் இரண்டு வருடச் செலவை எங்கள் 2010 பேட்ச் ஏற்றுக்கொள்கிறது. நேற்று ராத்திரி பேசி முடித்துவிட்டோம்.

ஆசிரியர்களிடமும், பிள்ளை பெற்ற நண்பர்களிடமும் கேட்டுக்கொள்வது ஒன்றே ஒன்று. "கவனமா இரு" என்று நூறாவது தடவை சொல்வதற்கு முன், தட்டு எங்கே வைக்கலாம் என்று ஒரு தடவை பாருங்கள். ஒரு மெஷின் திரும்பத் திரும்ப நின்றால் நாம் அதைத் திட்டுவதில்லை. காரணம் தேடுகிறோம். மனுஷனுக்கும் அந்த மரியாதையைக் கொடுக்கலாம்.

உடனே யாரிடமாவது பேச வேண்டும் என்றால், மத்திய அரசு 2022ல் தொடங்கிய டெலி மானஸ் உதவி எண் 14416. தமிழிலும் பேசலாம், பணம் வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. என்னிடம் கேட்க வேண்டும் என்றால், சாப்பாட்டு நேரத்தில் மெக்கானிக்கல் பிளாக் வேப்பமரத்தடியில் இருப்பேன். தனியாக வந்தாலும் சரி, வீட்டுக்காரரையோ வீட்டுக்காரம்மாவையோ கூட்டி வந்தாலும் சரி.